துணுக்குப் படத்துக்கு மார்க் போடுவது: ‘கெண்டக்கி ஃப்ரைட் மூவி’யும் அதைப் பார்த்தவர்களும்

‘தி கெண்டக்கி ஃப்ரைட் மூவி’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்த நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால், நாலு பேரும் வேறு வேறு படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் போலத்தான் பேசுவார்கள். ஒருவருக்கு நடுவில் வரும் குங்ஃபூ கிண்டல் மட்டும் போதும், மற்றதெல்லாம் குப்பை. இன்னொருவருக்கு அந்தக் குங்ஃபூதான் இழுவை, குட்டிக் குட்டி விளம்பரக் கிண்டல்கள்தான் படமே. மூன்றாமவர் பள்ளி நாட்களில் நண்பன் வீட்டு வீடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்; அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, சண்டைக்கு வந்துவிடுவார். நாலாமவர் ஒரு குறிப்பிட்ட துணுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போனவர். இதில் யார் சொல்வது சரி என்று கேட்பதைவிட, ஒரே படத்துக்கு ஏன் இப்படி நாலு தீர்ப்பு வருகிறது என்று கேட்பது பயனுள்ளது. சின்ன பட்ஜெட், வாய்க்கு வந்ததைப் பேசும் நகைச்சுவை, கதையே இல்லாத துணுக்குத் தோரணம் என்ற இந்த மூன்றும் சேர்ந்த எந்தப் படத்துக்கும் இதே கதிதான்.

முதலில் படம் என்ன என்று பார்த்துவிடுவோம். 1977 ஆகஸ்டில் வெளியானது. செலவு சுமார் 6.5 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது டீக்காசு. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும். இருபதுக்கும் மேற்பட்ட துணுக்குகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. போலி டிவி செய்தி, போலி விளம்பரம், போலி டிரெய்லர், போலிக் கல்விப் படம் என்று போய், நடுவில் அரை மணி நேரம் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் யென்’ என்ற பெயரில் 1973இன் ‘என்டர் தி டிராகன்’ படத்தை வைத்து ஒரு நீண்ட கிண்டல். எழுதியவர்கள் ஜிம் ஏப்ரஹாம்ஸ், டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர் என்ற மூன்று நண்பர்கள். பின்னவர்கள் இருவரும் அண்ணன் தம்பி. இயக்கியவர் ஜான் லாண்டிஸ். இதே மூவர்தான் மூன்று வருடம் கழித்து ‘ஏர்பிளேன்!’ எடுத்தார்கள், லாண்டிஸ் அடுத்த வருடமே ‘அனிமல் ஹவுஸ்’ எடுத்தார் என்பதால், இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறவர்கள் பலரும் அந்தப் படங்களின் முன்கதையாகத்தான் பார்க்கிறார்கள். அதுவே எதிர்பார்ப்பை ஏற்றி, ஏமாற்றத்துக்கும் வழி செய்துவிடுகிறது.

கதை உள்ள நகைச்சுவைப் படத்தில் ஒரு ஜோக் விழுந்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை. நாயகன் மேல் பிரியம் இருக்கும், கல்யாணம் நடக்குமா நடக்காதா என்ற ஆவல் இருக்கும், அது நம்மை அடுத்த காட்சிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். துணுக்குப் படத்தில் அந்த ஒத்தாசை கிடையாது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு தடவையும் புது ஆட்களை அறிமுகப்படுத்தி, புது உலகத்தைக் காட்டி, நம்மைச் சிரிக்கவும் வைக்க வேண்டும். ஆகவே பார்க்கிறவரும் அறியாமலே கையில் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறார். இது ஓகே, இது மட்டம், இது அபாரம் என்று மார்க் போட்டுக்கொண்டே வருகிறார். கடைசியில் கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் வெவ்வேறு தொகை வருகிறது. ‘பாதி நன்றாக இருந்தது’ என்று பத்துப் பேர் சொல்வார்கள். எந்தப் பாதி என்று கேட்டால்தான் அடிதடி.

இந்த மூவரின் பின்னணி தெரிந்தால் படத்தின் நல்லது கெட்டது இரண்டும் எங்கிருந்து வந்தன என்று புரியும். மில்வாக்கி அருகே ஷோர்வுட் என்ற புறநகரில் வளர்ந்த யூதக் குடும்பத்துப் பையன்கள். 1971இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில், ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் ‘கெண்டக்கி ஃப்ரைட் தியேட்டர்’ என்று ஒரு மேடைக் குழு தொடங்கினார்கள். டிக் சட்னோ என்ற இன்னொரு நண்பரும் அப்போது கூட இருந்தார். மேடையில் நேரடித் துணுக்குகள், நடுநடுவே தாங்களே படம்பிடித்த வீடியோத் துண்டுகள். அந்தக் காலத்தில் வீடியோ ரெக்கார்டர் வீட்டுச் சாமான் இல்லை. இரவு நேர டிவியை ஓடவிட்டுப் பதிவு செய்து, காலையில் போட்டுப் பார்த்து, கிறுக்குத்தனமான விளம்பரங்களைப் பொறுக்கி எடுப்பார்கள். அப்படி விளம்பரத்துக்காகப் பதிவு செய்தபோது தற்செயலாக மாட்டியதுதான் 1957இல் வந்த ‘ஸீரோ அவர்!’ என்ற விமான ஆபத்துப் படம். அதைத்தான் பிறகு ‘ஏர்பிளேன்!’ ஆக்கினார்கள். 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிப் போய், அங்கே சின்ன அரங்கு ஒன்றில் வருடக்கணக்கில் நடத்தினார்கள்.

வருடக்கணக்கில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு துணுக்கு மேடையில் செல்லுபடியாகிறதா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். சிரிப்பு வராத வரியை மறுநாள் வெட்டலாம், முடிவை மாற்றலாம், மொத்தத்தையும் தூக்கிப் போடலாம். படத்தில் இன்றைக்கும் நிற்கிற துணுக்குகளில் அந்தத் தேய்ப்பு தெரிகிறது. தேவைக்கு மேல் ஒரு வினாடி நிற்பதில்லை.

படத்துக்குப் பணம் கிடைத்த கதையும் இதே வகை. ஸ்டூடியோக்கள் யாரும் சீந்தவில்லை. ஒரு பணக்காரர் பத்து நிமிடம் மாதிரிக்கு எடுத்துக் காட்டினால் முதல் போடுவதாகச் சொல்லி, பின்வாங்கிவிட்டார். சரி போகட்டும் என்று இவர்களே சுமார் 35,000 டாலர் திரட்டி, லாண்டிஸை வைத்து அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தார்கள். லாண்டிஸை இவர்கள் கண்டுபிடித்தது டிவியில்: ஜானி கார்சன் நிகழ்ச்சியில், தான் எடுத்த ஒரு மலிவான குரங்குப் படத்தைப் பற்றி ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான், இவனைப் பிடிப்போம் என்று கிளம்பினார்கள். பத்து நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டும் ஸ்டூடியோக்களில் கதவு திறக்கவில்லை. கடைசியில் கிம் ஜோர்கென்சன் என்ற தியேட்டர்காரர், தன் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த வேறு ஒரு படத்துக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்தார். வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்து வந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மற்றத் தியேட்டர் உரிமையாளர்களைப் பேசிச் சேர்த்து முழுப்படத்துக்கு முதல் திரட்டினார். அதாவது இந்தப் படத்துக்குப் பணம் போட்டவர்கள் சினிமாப் பெரும்புள்ளிகள் அல்ல, தினமும் இடைவேளையில் கூட்டத்தின் முகத்தைப் பார்க்கிறவர்கள். குறைந்த கணக்குப்படிப் பார்த்தாலும் போட்டதைப்போல் பத்து மடங்கு வந்தது.

சின்ன பட்ஜெட் படம் என்றால் ‘காசில்லை, பாவம்’ என்று சலுகை மார்க் கொடுக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அந்தச் சலுகை தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். உள்ளூர்ச் செய்தி, தலைவலி மாத்திரை விளம்பரம், பள்ளியில் போடும் கல்விப் படம், மூன்றாந்தரப் படத்தின் டிரெய்லர் என்று இவர்கள் கிண்டலுக்கு எடுத்துக்கொண்ட எல்லாமே ஏற்கெனவே மலிவாக எடுக்கப்படுகிறவை. நகல் மலிவாக இருந்தால்தான் அசல் போல இருக்கும். துத்தநாக ஆக்ஸைடு பற்றிய போலிக் கல்விப் படத்தையே பாருங்கள். 1950களில் அமெரிக்கப் பள்ளிகளில் போட்ட படங்களின் அதே கனத்த குரல், அதே சமையலறை, அதே புன்னகை மாறாத இல்லத்தரசி. இந்தப் பொருள் இல்லாவிட்டால் நம் வாழ்க்கை என்னாகும் என்று குரல் கேட்கும். உடனே வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். குரல் மட்டும் பதறாமல் பாடம் நடத்திக்கொண்டே இருக்கும். யாரையும் தாழ்த்தாத, வயது ஏறாத துணுக்கு. படத்தைத் திட்டுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது ‘ஃபீல்-அ-ரவுண்ட்’. அப்போது அமெரிக்கத் தியேட்டர்களில் ‘சென்சரவுண்ட்’ என்று ஒரு வித்தை. 1974இல் வந்த பூகம்பப் படத்துக்காக ராட்சத ஸ்பீக்கர்களை வைத்து இருக்கையையே அதிர வைத்தார்கள். இவர்கள் அதற்குப் பதில் ஒரு புது வித்தையைக் கற்பனை செய்கிறார்கள்: ஒவ்வொரு ரசிகருக்கும் பின்னால் ஒரு தியேட்டர் ஊழியர் நிற்பார். திரையில் வாசனை வந்தால் அவர் வாசனைத் திரவியத்தை அடிப்பார், காதலி தொட்டால் அவர் தொடுவார், சண்டை வந்தால் அவர் அறைவார், கத்தி வந்தால் கத்தியும் வரும். தனியாக வந்து உட்கார்ந்த அந்தச் சாது மனிதர், முகத்தில் மாற்றமே காட்டாத ஊழியரிடம் படுகிற பாடு இருக்கிறதே, அதற்கு வசனமே வேண்டாம். படம் முடிந்து, அடுத்து ‘டீப் த்ரோட்’ என்று அறிவிப்பு வந்ததும் மனிதர் எழுந்து ஓட்டம் பிடிக்கிறார். 1972இல் வந்த அந்த ஆபாசப் படத்தின் பெயர் தெரியாதவருக்கு இந்த முடிவு மொட்டையாகப் போய்விடும். ஆனால் அதுவரை வந்த சிரிப்பு சேதாரமில்லாமல் நிற்கும், ஏனென்றால் சென்சரவுண்ட் தெரியாவிட்டாலும், தியேட்டர்காரன் புதுசு புதுசாகக் காசு பிடுங்க வழி கண்டுபிடிப்பான் என்பது எல்லா ஊருக்கும் தெரியும்.

எல்லாத் துணுக்குக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நீதிமன்றத் துணுக்கில் டோனி டௌ என்ற நடிகர் சாட்சாத் ‘வாலி’யாகவே வந்து உட்கார்ந்திருப்பார். ‘லீவ் இட் டு பீவர்’ என்ற 1957–63 காலத்துக் குடும்பத் தொடரின் சமர்த்துப் பையன் அவர். 1977இல் அமெரிக்காவில் முப்பது வயதைத் தொட்ட எவருக்கும் அவரைப் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்திருக்கும். இன்றைக்கு வேறு நாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, ஒரு வாலிபர் ஏன் நீதிமன்றத்தில் இப்படிக் குழந்தைபோல் பேசுகிறார் என்ற குழப்பம்தான் மிஞ்சும். பழைய நகைச்சுவை ‘காலாவதி’ ஆகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொல்ல வருவது இதைத்தான். ஜோக் செத்துவிடவில்லை; அதற்கு வேண்டிய தகவல் நம்மிடம் இல்லை. ஆனால் பார்வையாளர் தகவல் சேகரித்துக்கொண்டா வந்து உட்காருவார்? ‘சிரிப்பு வரலை’ என்று அவர் மார்க் குறைத்தால் அது நியாயம்தான்.

குங்ஃபூப் பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே. ‘என்டர் தி டிராகன்’ உலகம் முழுக்க ஓடிய படம், அதனால் பல இடங்களில் சிரிப்பு தானாக வருகிறது. வில்லன் டாக்டர் கிளான், பிடிபட்டவனை எங்கே அனுப்புவது என்று யோசித்து ‘டெட்ராய்ட்டுக்குக் கொண்டு போங்கள்’ என்று கட்டளையிடுகிறான்; அதுவரை நெஞ்சு நிமிர்த்தி நின்றவன் டெட்ராய்ட் வேண்டாம் என்று கதறுகிறான். 1967 கலவரத்துக்குப் பிறகு மக்கள் காலி செய்துகொண்டு போன மோட்டார் நகரத்தின் பெயர் அது. படத்தைப் பார்த்த அமெரிக்கர்கள் இன்றைக்கும் அந்த வரியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கிளானாக வரும் போங் சூ ஹான் உண்மையில் ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையை அமெரிக்காவில் பரப்பிய ஆசான். ‘பில்லி ஜாக்’ படத்தின் சண்டைகளை அமைத்தவர். அதனால் சண்டைக் காட்சிகளில் போலித்தனம் இல்லை, அதுவே கிண்டலுக்கு வலு. ஆனால் நாயகன் லூ பேசும் விதம் பலருக்கு உறுத்துகிறது. அவனுக்கு ‘ர’ வராது. அது ஆசியர்களைக் கிண்டல் செய்வது என்று ஒரு சாரார். இல்லை, அது அமெரிக்கக் கார்ட்டூனில் வரும் வேட்டைக்காரனின் மழலை, சீனருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னொரு சாரார். எனக்கென்னவோ இரண்டாவது விளக்கம் உண்மையாக இருந்தாலும் காப்பாற்றப் போதாது என்றுதான் தோன்றுகிறது. ஆசிய முகத்தின் மேல் அந்த மழலையை ஒட்டினால் பார்க்கிறவர் காதில் எது விழும் என்று எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது அந்த நாலாமவரை எழுந்து போக வைத்த துணுக்குக்கு வருவோம். பெயர் ‘டேஞ்சர் சீக்கர்ஸ்’. ஈவல் கனீவல் என்ற பைக் சாகசக்காரர் 1974இல் ராக்கெட் வண்டியில் பள்ளத்தாக்கைத் தாண்டக் கிளம்பி, அதை அமெரிக்கா முழுக்க வேடிக்கை பார்த்த காலம். டிவியில் இப்படிப்பட்ட வீரதீரப் பேர்வழிகளுக்குப் பஞ்சமில்லை. துணுக்கில் ரெக்ஸ் கிரேமர் என்ற வெள்ளைக்கார சாகசக்காரர். அறிவிப்பாளரின் பில்டப், தலைக்கவசம், பளபளக்கும் உடை, மரணத்தோடு விளையாடும் முகம். அவர் மெதுவாக நடந்து போவது ஒரு சந்துக்கு. அங்கே கறுப்பின இளைஞர்கள் சிலர் தாயம் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் போய் நின்று, கறுப்பர்களை இழிவு செய்யும் அந்த ஒற்றைச் சொல்லை உரக்கக் கத்துகிறார். அப்புறம் ஓட்டம், பின்னால் துரத்தல். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

படத்தைக் காப்பாற்றுகிறவர்களின் வாதம் எளிது: கிண்டல் செய்யப்படுவது அந்த வெள்ளைக்காரக் கோமாளி, முட்டாள்தனத்தை வீரமாக விற்கும் டிவி. எதிர்க்கிறவர்களின் வாதமும் எளிது: அந்தச் சொல்லை வைத்துத்தானே சிரிப்பு வாங்குகிறீர்கள். இரண்டு தரப்பும் கவனிக்காத ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தச் சந்தில் இருக்கும் இளைஞர்களுக்கு இந்தத் துணுக்கில் என்ன வேலை? பள்ளத்தாக்குக்கு என்ன வேலையோ அதே வேலை. சாகசத்துக்கு ஓர் ஆபத்து வேண்டும், அந்த ஆபத்தாக அவர்கள் நிற்கிறார்கள். பெயரில்லை, பதில் பேச்சில்லை. சொல்லைவிட அந்த ஏற்பாடுதான் எனக்கு இடறுகிறது. மூன்று வருடம் முன்னால் வந்த ‘பிளேஸிங் சாடில்ஸ்’ படத்திலும் அதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அங்கே அதைச் சொல்கிறவர்கள் மண்டூகங்கள், கறுப்பின ஷெரிஃப்தான் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர். எழுதியவர்களில் ஒருவர் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர். அதையும் இன்றைக்குக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் வாதம் இவ்வளவு சீக்கிரம் முட்டுச்சந்தில் நிற்பதில்லை.

இந்த வித்தியாசத்தை அதே மூவரின் அடுத்த படத்திலேயே பார்க்கலாம் என்பதுதான் வேடிக்கை. 1980இன் ‘ஏர்பிளேன்!’ படத்தில் இரண்டு கறுப்பினப் பயணிகள் தங்களுக்குள் தெருப்பேச்சில் பேசிக்கொள்வார்கள். கீழே நல்ல ஆங்கிலத்தில் துணைத்தலைப்பு ஓடும். வெள்ளைக்கார எழுத்தாளர்கள் எழுதிய வசனம் சரிப்படவில்லை. நடித்த நார்மன் கிப்ஸும் அல் ஒயிட்டும் தங்கள் வசனத்தைத் தாங்களே அமைத்தார்கள். அப்புறம் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து வந்து, எனக்கு அந்தப் பாஷை தெரியும் என்று மொழிபெயர்க்கத் தொடங்குகிறார். அவர் பார்பரா பில்லிங்ஸ்லி, அதே ‘லீவ் இட் டு பீவர்’ தொடரின் அம்மா. நீதிமன்றத் துணுக்கில் விளங்காமல் போன அதே தொடர் இங்கே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாகரிகமான பாட்டி தெருப்பேச்சுப் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்த இருவரும் ஜோக்கை எழுதியவர்கள், ஜோக்குக்குள் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அல்லர். இன்றைய பார்வையாளர்களில் கணிசமானவர்கள் ‘டேஞ்சர் சீக்கர்ஸ்’ பார்த்து முகம் சுளித்துவிட்டு இந்தக் காட்சிக்குச் சிரிக்கிறார்கள் என்றால், அவர்கள் ஒன்றும் முரண்பட்டுப் பேசவில்லை.

‘கிளியோபாட்ரா ஷ்வார்ட்ஸ்’ என்ற போலி டிரெய்லரும் இந்த வரிசையில் வரும். 1973இன் ‘கிளியோபாட்ரா ஜோன்ஸ்’ வகை கறுப்பின நாயகிப் படங்களின் கிண்டல். துப்பாக்கி ஏந்திய நாயகிக்கு வைதீக யூத மதகுருவான ‘ரபி’ ஒருவர் கணவர். எழுதியவர்கள் தங்கள் சொந்தச் சமூகத்தைப் பாதிக்குப் பாதி பந்தயம் வைக்கிறார்கள், அதனால் இதில் ஒரு தோழமை இருக்கிறது. ‘வில்லர் பீர்’ விளம்பரத்தில் நாள் முழுக்க உழைத்துக் களைத்த உழைப்பாளிகளாக பீர் குடிக்க உட்காருவது ஹரே கிருஷ்ண பக்தர்கள். அந்த இயக்கம் நியூயார்க்கில் 1966இல் தொடங்கி, எழுபதுகளில் அமெரிக்க விமான நிலையம் எதிலும் புத்தகத்தோடு எதிர்ப்படுகிற அளவுக்குப் பெருகியிருந்தது. மதுவைத் தொடாதவர்கள் கையில் பீரைக் கொடுத்ததற்காகக் கோபப்படலாம்; பீர் கம்பெனிகள் எதையும் யாரையும் ‘உழைக்கும் தோழர்கள்’ ஆக்கி விற்கும் என்பதற்காகச் சிரிக்கலாம். நான் சிரித்தேன். கென்னடி கொலைச் சதியைக் குடும்பத்தோடு விளையாடும் தாய விளையாட்டாக்கிய விளம்பரம் ஒன்றும் உண்டு. கொலை நடந்து அப்போது 14 வருடம்தான். அதைப் பற்றி இப்போது யாரும் அலட்டிக்கொள்வதில்லை. காலம் சில ஜோக்குகளைச் சாதுவாகவும் ஆக்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் மிக பலவீனமான இடம் இனமோ மதமோ அல்ல, பெண்கள். ‘கத்தோலிக்கப் பள்ளி மாணவிகள்’ பற்றிய போலி டிரெய்லர், அப்போதைய மலிவுக் காமப் படங்களைக் கிண்டல் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது. கிண்டல் செய்வதாகச் சொல்லிக்கொண்டே, அந்தப் படங்கள் எதைக் காட்டி டிக்கெட் விற்றனவோ அதையே, அதே கோணத்தில், அதே நேரம் காட்டுகிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஃபீல்-அ-ரவுண்டில் அசலுக்கும் நகலுக்கும் நடுவில் ஒரு யோசனை நின்றது. இங்கே அது இல்லை. பதினான்கு வயதில் பார்த்தவர்கள் இந்தத் துணுக்கைத்தான் முதலில் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. அவர்களே ஐம்பது வயதில் மறுபடி பார்த்துவிட்டு, மகள் அறைக்குள் வந்துவிட்டாள் என்று ரிமோட்டைத் தேடினால் அதிலும் ஆச்சரியமில்லை.

‘பொலிட்டிகலி இன்கரெக்ட்’ என்ற முத்திரை படம் வந்தபோது குத்தப்பட்டதல்ல. அந்தச் சொற்றொடர் இன்றைய பொருளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் பரவியது 1990களின் தொடக்கத்தில். 1977இல் இதை ‘ரசக்குறைவு’ என்று சொல்லியிருப்பார்கள், ‘ஆர்’ சான்றிதழ் கொடுத்துப் பெரியவர் துணையில்லாத பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடுத்தார்கள், விஷயம் முடிந்தது. பின்னால் வந்த முத்திரை ஒரு வேலை செய்தது: அது ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது. ஒரு கட்சிக்குப் படம் பிடித்தால் அது துணிச்சலுக்கான ஓட்டு, இன்னொரு கட்சிக்குப் பிடிக்காவிட்டால் அது நாகரிகத்துக்கான ஓட்டு. நடுவில் துத்தநாக ஆக்ஸைடு பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விட்டது. ‘இப்போதெல்லாம் இப்படி எடுக்க விடமாட்டார்கள்’ என்பது இந்தப் படத்தைப் பற்றி அதிகம் சொல்லப்படும் வாக்கியங்களில் ஒன்று. அது உண்மையும் அல்ல. எடுக்க விட்டார்கள், எடுத்தும் பார்த்தார்கள்.

1999இல் வின்ஸ் ஆஃபர் என்பவர் ‘தி அண்டர்கிரவுண்ட் காமெடி மூவி’ எடுத்தார். பின்னாளில் டிவியில் துடைக்கும் துணியும் காய் நறுக்கும் கருவியும் விற்றுப் புகழ்பெற்றவர் இவர்தான். படத்தையும் நள்ளிரவு டிவி விளம்பரம் போட்டுத்தான் விற்றார். புண்படுத்தும், கோபப்படுத்தும் என்பதே அந்த விளம்பரத்தின் சாரம். அங்கேதான் கோளாறு. எதை நகல் செய்கிறோம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, யாரைச் சீண்டலாம் என்று மட்டும் பார்த்த படம். ‘தேர்ஸ் சம்திங் அபௌட் மேரி’ எடுத்த ஃபாரெலி சகோதரர்கள் தன் படத்திலிருந்து காட்சிகளைத் திருடிவிட்டதாக ஆஃபர் வழக்குப் போட்டார், தோற்றார்.

அந்த ஃபாரெலிகளில் ஒருவரான பீட்டர், தயாரிப்பாளர் சார்லஸ் வெஸ்லரோடு சேர்ந்து 2013 ஜனவரியில் கொண்டு வந்தது ‘மூவி 43’. புதிய காலத்துக்கு ஒரு ‘கெண்டக்கி ஃப்ரைட் மூவி’ என்பதுதான் நோக்கம். பட்ஜெட் 60 லட்சம் டாலர்தான். ஆனால் கேட் வின்ஸ்லெட், ஹியூ ஜாக்மன், ரிச்சர்ட் கியர் என்று பெரிய பெயர்கள் வரிசையாக. நடிகர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் எடுத்தார்கள். முதலில் எடுத்தது வின்ஸ்லெட்டும் ஜாக்மனும் சாப்பிடப் போகும் துணுக்கு: ஜாக்மனின் கழுத்தில், உடம்பில் வேறு இடத்தில் இருக்க வேண்டிய உறுப்பு ஒன்று தொங்குகிறது, வின்ஸ்லெட்டைத் தவிர யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இதை மாதிரிக்கு வைத்துக்கொண்டுதான் மற்ற நடிகர்களைப் பிடித்தார்கள். 1970களில் எடுத்த அந்தப் பத்து நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மாதிரித் துண்டைப் பார்த்தது, வேறு படத்துக்கு வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத கூட்டம். இங்கே பார்த்தது நட்சத்திரங்கள். கூட்டம் சிரிக்கிறதா என்று முன்னதில் தெரிந்தது. வின்ஸ்லெட்டே நடிக்கிறாரா, அப்படியானால் நானும் வருகிறேன் என்பது மட்டும்தான் பின்னதில் தெரிந்திருக்க முடியும்.

கூட்டம் என்ன சொன்னது என்பதற்கு இந்தப் படத்துக்குப் பதிவு உண்டு. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், முதல் நாள் தியேட்டரில் சீட்டுக் கொடுத்துப் பார்வையாளர்களிடம் ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் வாங்குகிறது. அதைத் தொடங்கிய எட் மின்ட்ஸ் பல் மருத்துவமனைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். 1978இல் ‘தி சீப் டிடெக்டிவ்’ என்ற கிண்டல் படத்தை ஆசையோடு பார்க்கப் போய் ஏமாந்து வெளியே வந்தபோது, விமர்சகர்கள் சொல்வதைவிடச் சாதாரண ஜனங்கள் சொல்வது தெரிந்தால் தேவலை என்று யாரோ புலம்பியதைக் கேட்டு இந்த யோசனை பிறந்ததாம். பார்வையாளர் கருத்தை அளக்கும் தொழிலே ஒரு சுமாரான நகைச்சுவைப் படத்தின் கோபத்தில் பிறந்தது என்பது பொருத்தம்தான். விரும்பி டிக்கெட் எடுத்து வந்தவர்களிடம் முதல் நாளே கேட்பதால் மதிப்பெண் பொதுவாகத் தாராளமாக இருக்கும். பி வந்தாலே தயாரிப்பாளர்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ‘மூவி 43’க்கு வந்தது டி.

ஆனாலும் உலகம் முழுக்கச் சேர்த்து 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்து முதலை எடுத்துவிட்டது. பிடிக்காத படத்தையும் ‘அப்படி என்னதான் மோசம்’ என்று பார்க்கப் போகிற ஜனம் எல்லா நாட்டிலும் உண்டு. இரண்டே மாதம் கழித்து, அதே 2013 மார்ச்சில், வின்ஸ் ஆஃபர் ஆஸ்கர் வாங்கிய ஏட்ரியன் பிராடியையும் வைத்து இன்னொரு துணுக்குப் படத்தோடு வந்தார். வழக்குப் போட்டவர் படமும் வழக்கில் ஜெயித்தவர் படமும் ஒரே வருடம். விமர்சகர்கள் இரண்டையும் துவைத்துக் காயப்போட்டார்கள். மறு வருடம் வழங்கப்பட்ட ராஸி விருதுகளில் மோசமான படம் ‘மூவி 43’. மோசமான இயக்குநர் விருதும் அதற்கே. அதை இயக்கிய 13 பேருக்கும் சேர்த்து ஒரே விருதாகக் கொடுத்தார்கள். பல துணுக்கு, பல இயக்குநர், ஒரே மார்க்.